கலவைத் தாத்தா இல்லாத கடற்கரை

அன்பு மிகுந்த என் சம்பந்தி ஏழுமலை அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து பாக்கியநாதன் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முந்தாநாள்தான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தேன். பையைத் திறந்து சட்டைகளை உதறினால் தரையெல்லாம் மணல். போன வருஷம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தபோது உங்களிடமிருந்து ஃபோன் வந்தது. "வூட்டுக்குப் போய்ட்டீங்களா சம்பந்தி? என் பையில பாதி கடல் கீது. உங்க பையில எவ்ளோ?" என்று கேட்டீர்கள். இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். பெற்ற மகன் கல்யாணத்துக்கே வராத பிடிவாதக்காரர் என்று பதினோரு வருஷமாக உங்களைச் சொன்னவர்கள் உங்கள் பக்கமும் இருக்கிறார்கள், எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழினி நாலாம் வகுப்பு. உயரம் அப்படியே உங்கள் பக்கம். அமுதனுக்கு ஆறு வயசு முடிந்தது, முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் உங்களைப் போலவே இருக்கிறான் என்று எஸ்தர் சொல்கிறாள். கோபித்துக்கொள்ள வேண்டாம், சொன்னது உங்கள் மருமகள்.

நாம் இரண்டு பேரும் அந்தத் திருவான்மியூர் வீட்டில் முதன்முதலாகச் சேர்ந்து தங்கிய கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அமுதனுக்கு அப்போது ஒரு வயசு. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு, உங்கள் மகன் சரவணனுக்கும் என் மகள் எஸ்தருக்கும் வேலைக்கு லீவு இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லி எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரியாமல் சரவணன் உங்களைக் கூப்பிட்டிருந்தான். ஒரே நாள் காலையில் இரண்டு கிழவர்களும் பையோடு வாசலில் நின்றோம். இருக்கிற ஒரு அறையில் நீங்கள் பாய், நான் கட்டில். மறுநாள் உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நீங்கள் கட்டில், நான் பாய். ஐந்து கோடை அப்படியே போய்விட்டது.

சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் உங்களை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. தோளில் துண்டு, ஒரு கையில் யாழினி, இன்னொரு கையில் வேகவைத்த வேர்க்கடலை. பின்னால் நான் அமுதனைத் தூக்கிக்கொண்டு வருவேன். வெயில் தாழ்ந்த நேரத்துக் கடற்கரை தினமும் திருவிழாதான். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் கொதிக்கும். கையால் சுற்றுகிற ராட்டினம் கிறீச்சென்று சத்தம் போடும். பட்டம் விடுகிறவர்கள் பட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நம் மேல் வந்து மோதுவார்கள். பலூன் சுடுகிற இடத்தில் நான் துப்பாக்கியை வாங்கி ஒரு பலூனைக்கூடச் சுடாமல் திருப்பிக் கொடுப்பேன். நீங்கள் கடைக்காரரிடம், "இவுருது ஷூ கம்பெனில முப்பது வருஷம் தோல் வெட்டுன கைங்க. நேரா வெட்டச் சொல்லுங்க, வெட்டுவாரு. சுடத்தான் வராது" என்பீர்கள்.

நீங்கள் கடலை முதன்முதலாகப் பார்த்தது அந்த வருஷம்தான். உங்கள் ஊரான கலவையில் மூன்று காணி நிலத்தை வைத்துக்கொண்டு காலமெல்லாம் கிணற்றையும் வானத்தையும் பார்த்தவர். கரையில் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "இம்மாந் தண்ணி கீதே சம்பந்தி, ஒரு காணிக்காவது பாயுதா?"

அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளோடு நிற்பீர்கள். அலை வந்து முழங்காலில் அடிக்கும்போது மூன்று பேரும் ஒரே குரலில் கத்துவீர்கள். நான் மணலில் செருப்புகளுக்குக் காவல். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அறுபத்தைந்து வருஷ வாழ்க்கையில் எனக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் எனக்கு மட்டும் ஒரு முள் இருந்தது. உங்களுக்கும் அது தெரியும். அதை இப்போது எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடுகிறேன்.

சரவணனும் எஸ்தரும் தாங்களாகவே விரும்பிக் கல்யாணம் என்று வந்து நின்ற வருஷம். எஸ்தரின் அம்மா தவறிப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு நான் தனியாகக் காப்பாற்றி வந்த பெண். வேறு சாதி, வேறு சாமி. சர்ச்சில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டுப் பேச்சு ஒன்று ஆற்காட்டில் ஒரு டீக்கடையிலிருந்து ஆள் மாறி ஆள் மாறி என் காதுக்கு வந்தது. "தோல் நாத்தம் அடிக்கிற வூட்டுலயா பொண்ணு எடுக்கிறது?" சொன்னது உங்கள் அண்ணன். எனக்கு வந்த சேதியில் அது மாப்பிள்ளையின் அப்பாவே சொன்னதாகத்தான் இருந்தது.

கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தவன் நான். சுண்ணாம்புக் குழியில் நின்றிருக்கிறேன். அந்த நாற்றத்தில் சம்பாதித்துத்தான் எஸ்தரைப் படிக்க வைத்தேன். அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், பங்குனி வெயிலில், மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு மஞ்சப்பை, அதில் வெற்றிலை பாக்கும் பழமும் தேங்காயும். நான் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன்.

"நான் சரவணனோட அப்பாங்க. கலவைலேர்ந்து வர்றேன். புள்ளைங்க ஆசப்பட்டுட்டாங்க. நாம பெரியவங்க உக்காந்து பேசினா..."

நான் உங்களை முடிக்க விடவில்லை. "உள்ள வராதீங்க. தோல் நாத்தம் அடிக்கும்" என்றேன்.

உங்கள் முகம் மாறியது. "அந்த வார்த்தைய நான் சொல்லலீங்க. எங்க அண்ணன் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் ஆள் அனுப்பாம நானே வந்தேன்."

"யாரு சொன்னா இன்னா? கல்யாணத்துல உங்க நிழல்கூட படக் கூடாது. நீங்க வந்தீங்கன்னு தெரிஞ்சா நான் என் பொண்ண அனுப்ப மாட்டேன்."

நீங்கள் தண்ணீர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து எஸ்தர், "யாருப்பா வந்தது?" என்று கேட்டாள். "யாரோ வழி கேட்டு வந்தாங்கம்மா" என்றேன். அது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தீர்கள்.

நீங்கள் வந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று நான் மிரட்டியதால் நீங்கள் வரவில்லை. இதுதான் நடந்தது. ஆனால் சரவணனுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தியம்மாவிடமும் சொல்லவில்லை. என் வாசலுக்கு வந்த அன்று ஆற்காட்டுக்கு விதை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததாகப் பின்னாளில் நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அப்பாவின் பிடிவாதம் என்று நினைத்து சரவணன் இரண்டு வருஷம் உங்களோடு பேசவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

யாழினி வேலூர் ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று நீங்கள் வந்தீர்கள். வராந்தாவில் உங்களைப் பார்த்ததும் நான் ஒரு தூணோரம் ஒதுங்கினேன். இப்போது எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நீங்களோ கைகூப்பி, முதல் தடவை பார்க்கிற ஆளைப் போல, "நல்லாக்கீறீங்களா சம்பந்தி? நான் சரவணனோட அப்பா" என்றீர்கள்.

மூன்றாவது கோடை என்று நினைக்கிறேன். பிள்ளைகள் மணலில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேன்: "ஏன் சம்பந்தி, சரவணன்கிட்ட நீங்க இன்னும் சொல்லல?"

நீங்கள் வேர்க்கடலைத் தோலை மணலில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "சொன்னா இன்னா ஆவும்? அவனுக்கு ஒரு மாமனாரு கம்மியாய்டும். உங்களுக்கு ஒரு மருமவன் கம்மியாய்டும். வுடுங்க."

"நானே சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லுங்க. உங்களுக்கு எப்போ முடியுதோ அப்போ சொல்லுங்க" என்று எழுந்து, அமுதன் தோண்டிய கிணற்றில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டீர்கள்.

அடுத்த கோடை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எனக்கு முடியவில்லை.

போன ஐப்பசி மழையில் நிலத்துக்குப் போன இடத்தில் நீங்கள் விழுந்தீர்கள். வேலூரில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். மூன்றாம் நாள் நானும் சரவணனும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். பேச்சு குழறாமல் நீங்கள் பேசியது அன்றைக்குத்தான் கடைசி. "மே மாசம் புள்ளைங்கள கடலுக்கு கூட்டினு போங்க சம்பந்தி. நான் இல்லன்னு நிறுத்திடாதீங்க" என்றீர்கள். சரவணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் உயிரோடு கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் உங்கள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருப்பான். வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்து வெளியே இருக்கச் சொன்னார். நல்ல சாக்கு கிடைத்தது என்று வெளியே வந்துவிட்டேன். இதை எப்படித் தாங்குவது சம்பந்தி?

பாலாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அப்பாவுக்குக் கடல்தான் பிடிக்கும் என்று சரவணன் உங்கள் அஸ்தியைத் திருவான்மியூருக்கே கொண்டுவந்தான். எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். அங்கே எனக்கு என்ன இடம் என்று தெரியாமல் ரோட்டோரம் வண்டிப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சரவணன் தனியாகத் தண்ணீருக்குள் போனான். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். மழைக்காலத்துக் கடல் என்று நினைத்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த மே மாதம் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டில் காலியாக இருந்தது. நான் பாயிலேயே படுத்துக்கொண்டேன்.

முதல் நாள் காப்பி குடிக்கும்போது சரவணன் சொன்னான்: "எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க மாமா. பீச் மட்டும் வேணாம்."

ஏன் என்று கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பூங்காவுக்குப் போனோம். கடைத்தெருவுக்குப் போனோம். கடல் காற்று தெருமுனை வரைக்கும் வரும், அமுதன் அந்தப் பக்கமே இழுப்பான். "தாத்தா, கலவைத் தாத்தா இல்லன்னா கடலும் லீவா?" என்று ஒரு நாள் கேட்டான். யாழினி மட்டும் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அவளல்லவா நாலு மணிக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறவள்?

இரண்டாவது வாரம் எஸ்தரே சொன்னாள். "கூட்டிட்டுப் போங்கப்பா. மாமா கடைசியா கேட்டதே அது ஒண்ணுதான். உங்க மருமகன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அன்று ஐந்து மணிக்குப் போனோம். எல்லாம் அப்படியே இருந்தது, ராட்டினம், பஜ்ஜி, பட்டம். அமுதன் செருப்பை வீசிவிட்டு ஓடினான். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் யாழினி ஈர மணல் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டாள். ஒரு அலை அவள் பக்கம் வந்தது. அலறிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"வா கண்ணு. தாத்தா கையப் புடிச்சிக்க."

"மாட்டேன்."

"பயமா இருக்கா?"

"தாத்தா மேல மிதிக்க மாட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். "கலவைத் தாத்தா இதுலதான் இருக்காரு. அப்பா அம்மாகிட்ட சொல்லி அழுதாரு. நான் தூங்கறேன்னு நெனச்சிட்டாங்க. அப்பா தாத்தாவ காலால தள்ளிட்டாராம்."

 மோட்சம் என்று சொல்வதா, வெறும் சாம்பல் என்று சொல்வதா? ஒன்பது வயசுப் பெண்ணிடம் எதைச் சொன்னாலும் பொய் சொல்கிற மாதிரிதான் இருந்திருக்கும். "எனக்குத் தெரியலடா கண்ணு" என்றேன். அமுதனைத் தண்ணீரிலிருந்து கூட்டி வந்து மூன்று பேரும் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

எஸ்தர் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. ஆறரை மணிக்கு சரவணன் வந்தான். ஆபீஸிலிருந்து நேராக வந்தவன், கழுத்தில் அட்டை தொங்குகிறது, ஷூவோடு மணலில் நடந்து வருகிறான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து எழுந்தேன். அவன் மகளின் முகத்தைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளை எதிரே இருக்கிற ராட்டினத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். அவர்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான்.

"அன்னிக்கி ரெண்டு தடவ விட்டேன் மாமா. ரெண்டு தடவயும் அலை அஸ்திக் கலயத்தத் திருப்பிக் கொண்டாந்துடுச்சி. மூணாவது தடவ நான் கீழ விழுந்துட்டேன். எழுந்தா கலயம் என் காலண்ட நிக்குது. பெரிய அலை வருது. பயத்துல... காலால தள்ளிட்டேன். அப்பாவக் காலால தள்ளிட்டேன் மாமா."

நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

"கல்யாணத்துக்கு வரலன்னு ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன். ஏன் வரலன்னு கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. உள்ளுக்குள்ள அந்தக் கோவம் போகவே இல்ல. அதான் கை வராம கால் வந்துடுச்சோன்னு தோணுது."

இதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன் இல்லை. "அவர் வந்தாரு சரவணா" என்றேன்.

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி. வெத்தலபாக்கோட வந்தாரு. நான்தான் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். கல்யாணத்துக்கு வந்தா பொண்ண அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். அதனாலதான் அவர் வரல. இந்தப் பாவம் என்னுது."

அவன் என்னைப் பார்த்தான். உங்கள் கண்தான் அவனுக்கும்.  எழுந்து, போய்ப் பிள்ளைகளை இறக்கி, இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். பஜ்ஜிக் கடைகளில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. நான் மெதுவாகப் பின்னால் போனேன். வீட்டுக் கதவைத் திறந்த எஸ்தருக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

"அன்னிக்கி வழி கேட்டு வந்தவரா அப்பா?"

பதினோரு வருஷம் கழித்து அந்தப் பொய் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "ஜன்னல்ல பாத்தேன். மஞ்சப்பையோட ஒருத்தர் போயிட்டிருந்தாரு. முதுகு மட்டும்தான் தெரிஞ்சது. பாவம், இந்த வெயில்ல நடக்கறாரேன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை. போய் என்ன சொல்வேன்?

ஐந்து நாள் அந்த வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. "சாப்பிடுங்க மாமா" என்பான் சரவணன், அவ்வளவுதான். அது நியாயம்தான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை பையைக் கட்டி வைத்தேன். சனிக்கிழமை காலை ரயில்.

சனிக்கிழமை விடிந்ததும் சரவணன் இரண்டு டம்ளர் காப்பியோடு பால்கனிக்கு வந்தான். ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

"மறுபடியும் சொல்லுங்க மாமா. ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"என்ன சட்ட போட்டிருந்தாரு?"

"வெள்ள. காலர் கிழிஞ்சி தெச்சிருந்தது."

"தனியாவா வந்தாரு?"

"தனியாத்தான். ஆற்காட்டுக்கு ஒரு பஸ், வேலூருக்கு ஒரு பஸ், அப்பால ஆம்பூருக்கு ஒண்ணு."

"செருப்பு?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "வாசப்படிக்கிட்ட கழட்டி ஓரமா வெச்சிருந்தாரு சரவணா. உள்ள கூப்பிடுவேன்னு நெனச்சி."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். காப்பி ஆறிப்போனது. அப்புறம், "வந்தாரு, இல்ல?" என்று கேட்டான். "வந்தாரு" என்றேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன்.

"உங்க மேல கோவம் இருக்கு மாமா. இல்லன்னு சொல்ல மாட்டேன். அது எப்போ போகும்னும் தெரியாது. ஆனா எங்க அப்பா எனக்காக வந்தாரு. இது எனக்குத் தெரியாமயே போயிருக்கும்." எழுந்து உள்ளே போகும்போது என் பையைக் காலால் தட்டிவிடாமல் குனிந்து எடுத்து, கட்டிலுக்கு அடியில் வைத்தான். "நாளைக்கு ஞாயித்துக்கிழம. எல்லாரும் பீச்சுக்குப் போலாம்" என்றான்.

லீவு முடிகிற ஞாயிறு. கடற்கரையில் கால் வைக்க இடம் இல்லை. ஊர் முழுக்க வந்துவிட்ட மாதிரி கூட்டம். எஸ்தர் எலுமிச்சை சாதம் கட்டியிருந்தாள். அமுதன் ஒரு பட்டத்தை வாங்கி அரை மணி நேரத்தில் கிழித்தான். யாழினி அப்பாவின் கையை விடாமல் நடந்தாள். ஈர மணல் வந்ததும் நின்றாள்.

சரவணன் குனிந்து முதலில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு மகள் முன்னால் உட்கார்ந்தான்.

"அப்பா, நாம மிதிச்சா தாத்தாவுக்கு வலிக்காதா?"

"நீ கைக்கொழந்தையா இருந்தப்போ கலவைல தாத்தா மல்லாக்கப் படுத்துக்குவாரு. உன்னத் தூக்கி நெஞ்சு மேல நிக்க வெச்சிக்குவாரு. நீ திங்கு திங்குன்னு குதிப்ப. நான் வலிக்கப் போவுதுப்பான்னு சொல்வேன். அவரு இன்னா சொல்வாரு தெரியுமா? இன்னும் நல்லா மிதிடி என் ராசாத்தின்னு சொல்வாரு."

"நெஜமாவா?"

"அம்மாவக் கேளு."

எஸ்தர் தலையை ஆட்டினாள். 

யாழினி செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். ஒரு காலை வைத்தாள். அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். அதன் பிறகு மெல்ல, மிக மெல்ல, நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

சரவணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போனான். இடுப்பளவில் நின்று எதையோ பேசினான். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. உங்களுக்குக் கேட்டதா? கலயத்தை அலை திருப்பித் திருப்பிக் கொண்டுவந்ததே, அது வெறும் அலைதானா? என்னை நீங்கள் மன்னித்தீர்களா, இல்லை மன்னிக்கிற அளவுக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லையா? ஐந்து கோடை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இதை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

இருட்டுகிற வரைக்கும் இருந்தோம். பிள்ளைகள் ராட்டினம் சுற்றினார்கள். எல்லோரும் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். அமுதனுக்குக் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அவனைப் பார்த்து சரவணன் சிரித்தான். இந்த வருஷம் அந்த வீட்டுக்கு நான் போன நாளிலிருந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கலவைக்குப் புறப்படுகிறேன். சம்பந்தியம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன் அவன் சொல்ல வேண்டாம் என்று சரவணனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணனையும் பார்ப்பேன். அவர் சொன்ன வார்த்தைக்குக் கணக்குத் தீர்க்க அல்ல. என் வார்த்தை அதைவிடக் கொடியது என்று சொல்லத்தான். அவர்கள் என்னை எப்படி நடத்தினாலும் சரி என்றுதான் போகிறேன்.

இன்னொன்று. என் உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இனிமேல் கரையில் செருப்புக்குக் காவல் உட்கார மாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, அலை என்றால் பயம், உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஆளுக்கொரு விரலைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். இது சத்தியம்.

உங்கள் யாழினிக்கும் அமுதனுக்கும் இன்னொரு தாத்தா,
பாக்கியநாதன்
ஆம்பூர்